மெர்ட்டன்ஸ் கொண்டுவந்த வடக்கு

சுபா, ரமணன்,

நீங்கள் இருவரும் பிள்ளைகளோடு போய் நின்று அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். வாய்க்கால், வாய்க்காலில் வெள்ளை அன்னம், படி வைத்ததுபோல முகடு கட்டிய செங்கல் வீடுகள், நடுவில் அந்த மணிக்கோபுரம். உங்கள் அம்மா ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, "எவ்வளவு துப்புரவாய் வைச்சிருக்கிறாங்கள்" என்றாள். நான் ஒரு வரி எழுதவில்லை. அதற்குச் சுபா மனம் நொந்துபோனாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நோக வேண்டாம். ஐரோப்பாவில் நீங்கள் படமெடுத்த அந்தப் புரூஜ் நகரத்தை உங்களுக்கு முதலே எனக்குத் தெரியும். அங்கே நான் கால் வைத்ததில்லை, வைக்கப்போவதும் இல்லை. ஆனால் எழுபதுகளில், மெல்பேர்ண் பிரன்ஸ்விக்கில் ஒரு கம்பளி மில்லில், நாள் தவறாமல் அந்த நகரத்தை என் காதுக்குள் ஊற்றினார்கள். ஊற்றியவர் ஒருவர்தான். ஆனால் ஒரு ஊரே சேர்ந்து ஊற்றினதுபோல இருக்கும். படத்தில் இல்லாத பகுதியை நீங்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சொக்கலேட் கடைக்காரன் இதை உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டான்.

இந்த நாடு கதவு திறந்தது உங்கள் அம்மா கமலாவுக்கு. ஆஸ்பத்திரியில் தாதிமார் தேவைப்பட்டார்கள். நான் அவளுடைய பெட்டிகளோடு வந்திறங்கிய இன்னொரு பெட்டி. படிப்பு அரைகுறை, கொழும்பில் நெசவாலை ஒன்றில் சில வருடம் நின்ற பழக்கம் மட்டும் இருந்தது. அதைச் சொல்லித்தான் மில்லில் சேர்ந்தேன். பழகின கதையை நீட்டப் பெரிதாக ஒன்றுமில்லை. துணி தூக்கப் பழகினேன், தறிச் சத்தத்துக்குள் உதட்டைப் பார்த்துப் பேச்சை விளங்கப் பழகினேன், குளிரில் மூக்கு ஒழுகாமல் நிற்கப் பழகினேன். பிறகு மேல்மாடிக்கு, துணி பார்க்கும் பகுதிக்கு, அனுப்பினார்கள்.

துணி பார்ப்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. கடையில் சேட்டு ஒன்றை எடுத்து விலைத்துண்டைப் பார்ப்பீர்கள், அவ்வளவுதான். தறியிலிருந்து வரும் துணியை யன்னலுக்கு முன்னால் உயரத்தில் இருக்கும் மர உருளையில் ஏற்றுவோம். அது கூரையிலிருந்து சேலை தொங்குவதுபோல விழும். முன்னால் ஒருவர் நின்று மேலிருந்து கீழே கண்ணை ஓட்டுவார். பின்னால் ஒருவர் அதே வேகத்தில் இழுத்து மடித்துக்கொண்டே இருப்பார். அறுந்த பாவு இழை, தவறிய ஊடை இழை, முடிச்சு, எண்ணெய்க் கறை, நிறம் மாறிய பட்டை எதுவானாலும் முன்னால் நிற்பவர் "ஹோ" என்பார். பின்னால் நிற்பவர் நிறுத்த வேண்டும். தைத்துச் சரிக்கட்டக் கூடியது என்றால் தையல் மேசைக்குப் போகும். சரிக்கட்ட முடியாதது என்றால் அந்த இடத்தில் கரையோரமாக ஒரு வெள்ளை நூலைக் கட்டிவிடுவோம். நூல் கட்டிய இடத்தில் பிழை இருக்கிறது என்று வாங்குகிறவனுக்கு நாங்களே சொல்லும் முறை அது. நல்ல முறை. அதில் ஒரு குறையும் நான் சொல்ல மாட்டேன்.

பின்னால் இழுத்தவன் நான். முன்னால் நின்றவள் எலெனி. கிரேக்கத்திலிருந்து வந்தவள், ஐம்பது வயது தாண்டியவள், கறுப்புச் சட்டை, கறுப்புச் சப்பாத்து. புருஷன் வேறொரு தொழிற்சாலையில் முதுகு முறிந்து வீட்டில் கிடந்தார். அவளுடைய கண்ணால்தான் அந்த வீடு சாப்பிட்டது. எனக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம். அதை நான் இங்கே நம்முடைய தமிழில்தான் எழுதப்போகிறேன். அவள் பேசின விதத்துக்கு அதுதான் கிட்ட வரும்.

எங்களுக்கு மேலே மெர்ட்டன்ஸ். துணி பார்க்கும் பகுதிக்குப் பொறுப்பானவர். ஒடுங்கிய முகம், முழங்கை வரை மடித்த வெள்ளைச் சேட்டு, கழுத்தில் எந்தக் கோடையிலும் கழற்றாத டை. ஆளைப் பார்த்து ஒருநாளும் சத்தம் போட மாட்டார். துணியைப் பார்த்துக்கொண்டே, துணியிடம் சொல்வதுபோல, "எங்கட நகரத்தில" என்று தொடங்குவார். அந்த நகரம் புரூஜ். தொடங்கினால் தேத்தண்ணிச் சைரன் ஊதும்வரை அதே பேச்சுத்தான்.

"எங்கட நகரத்தில துணியை மூண்டு தரம் பார்ப்பினம், மிஸ்டர் சிவா. தறியால இறக்கின உடனே ஒருக்கா. மிதிச்சுக் கழுவின பிறகு ஒருக்கா. சாயம் போட்டு முடிய ஒருக்கா. பார்க்கிற ஆக்கள் கடவுள் பேரில சத்தியம் பண்ணின ஆக்கள். நல்ல துணியெண்டால் ஈய முத்திரை. அந்த முத்திரையைக் கண்டால் இத்தாலிக்காரனும் விரிச்சுப் பார்க்க மாட்டான்."

"கூடாத துணியெண்டால்?" என்று நான் முதல்நாள் கேட்டுவிட்டேன். அது நான் விட்ட பெரிய பிழை. அன்று முழுக்கச் சொன்னார்.

"மூண்டு துண்டாய் வெட்டுவினம். எல்லாரும் பார்க்க. சந்தை நடுவில."

இப்படி வருடக்கணக்காகக் கேட்டுக்கேட்டு அந்த நகரத்தின் சரித்திரம் எனக்கு மனப்பாடம். நீங்கள் நின்று படமெடுத்த இடங்களுக்கு நான் விளக்கம் சொல்லுகிறேன், கேளுங்கள்.

இங்கிலாந்திலிருந்து ஆட்டுமயிர் கப்பலில் வரும். இவர்கள் அதை நெய்து ஐரோப்பா முழுக்க விற்பார்கள். வெனிஸ்காரன், ஜெனோவாக்காரன், ஜெர்மன்காரன் எல்லாரும் அங்கே வந்து குவிந்தார்கள். ஆனால் வந்த இருவர் தங்களுக்குள்ளே நேரே பேசி விற்க முடியாது. நடுவில் உள்ளூர்ச் சத்திரக்காரன் ஒருவன் நிற்க வேண்டும். படுக்க இடம் கொடுப்பவனும் அவன், சரக்கை வைக்க இடம் கொடுப்பவனும் அவன், தரகனும் அவன். அப்படி ஒரு சத்திரக்காரக் குடும்பத்தின் பேரால்தான் ஐரோப்பாவில் பங்குச் சந்தைக்கே பேர் வந்தது என்று மெர்ட்டன்ஸ் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவார். கட்டில் வாடகைக்கு விட்டவன் பேர் நிலைத்துவிட்டது. நெய்தவன் பேர்? அதை அவர் சொன்னதில்லை. நானும் கேட்டுப் பார்த்தேன்.

துறைமுகத்தில் பெரிய பாரந்தூக்கி ஒன்று. கப்பலிலிருந்து வைன் பீப்பாய்களைத் தூக்கும் அதிசயம். எதனால் ஓடியது? உள்ளே பெரிய சக்கரம்போல ஒரு சில்லு, சில்லுக்குள் மனிதர்கள் நடப்பார்கள், எலி நடப்பதுபோல. வளர்ந்த ஆண்கள். அவர்களுக்கு அந்த ஊர் வைத்த பேர் "பாரந்தூக்கியின் பிள்ளைகள்". என்ன அன்பு!

அந்தக் கோபுரத்து மணி நேரம் சொல்லத்தான் அடித்தது என்று நினைத்திருப்பீர்கள். வேலைக்குப் போ, வேலையை விடு என்று நெசவாளியை விரட்டவும் அதே மணிதான். எங்கள் மில்லில் சைரன் ஊதும்போதெல்லாம் மெர்ட்டன்ஸ் கண்ணை மூடித் தலையசைப்பார், தேவாரம் கேட்டவர்போல.

அன்னங்கள்? அந்த ஊரார் ஒருகாலத்தில் அரசனுடைய அதிகாரி ஒருவனைச் சந்தையில் வைத்துத் தலையை வெட்டினார்களாம். அவனுக்கு நீளக் கழுத்து. அதற்குத் தண்டனையாக என்றைக்கும் நீளக் கழுத்துப் பறவையை வளர்த்துத் தீனி போட வேண்டும் என்று அரசன் கட்டளை. அப்படித்தான் கதை. கொலைக்கு அபராதமாக வந்த பறவைக்கு முன்னால் நின்று நீங்கள் இருவரும் சிரிக்கிறீர்கள். படம் வடிவாகத்தான் இருக்கிறது.

ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு வீரக்கதையும் சொன்னார். ஒரு விடியற்காலை அந்த ஊரார் எழும்பி, ஊருக்குள் தங்கியிருந்த பிரெஞ்சுக்காரரைக் கொன்றார்களாம். ஆள் யாரென்று இருட்டில் எப்படி அடையாளம் காண்பது? தங்கள் பாஷையில் இரண்டு சொல் சொல்லச் சொல்வார்கள். நாக்குப் புரளாதவன் முடிந்தான். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் "கெட்டிக்காரர்" என்று சிரித்தார்கள். ஐம்பத்தெட்டாம் ஆண்டுக் கலவரத்தில், கொழும்பில் ஒரு பஸ்ஸுக்குள், என்னை ஒரு சிங்களச் சொல் சொல்லச் சொன்னார்கள். என் நாக்குப் புரண்டது, அதனால்தான் நீங்கள் இருவரும் பிறந்தீர்கள். அவர்கள் சிரிப்புக்கு நடுவில் நான் எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவினேன். அந்தக் கதையை மெர்ட்டன்ஸுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "எங்கட நகரத்தில இன்னும் ஒழுங்காய்ச் செய்தவை" என்றிருப்பார்.

எங்கள் ஆட்களையும் நான் விடப்போவதில்லை. அந்த நாளில் மெல்பேர்ணில் தமிழர் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஒரு தீபாவளிக்கு ஒரு கணக்காளர் வீட்டில் கூடினோம். மில்லில் கடும் நீலத் துணி ஓடிக்கொண்டிருந்த மாதம். எவ்வளவு தேய்த்தாலும் என் நகத்தில் நீலம் போகாது. வடை எடுக்கக் கை நீட்டினேன். வீட்டுக்காரர் ஏதோ நோய் என்று என் விரலைப் பார்த்தார்.

"தம்பி, உது என்ன வருத்தம்?"

"வருத்தமில்லை, அண்ணை. மில்லில சாயத் துணி."

"ஓ... மில்லிலயோ." அந்த 'ஓ' சுவர்வரை போய்த் திரும்பி வந்தது. "கமலா நேர்ஸ் எண்டல்லோ சொன்னவ."

அதற்குப் பிறகு அவர் அம்மாவோடு மட்டும் பேசினார். அடுத்தநாள் இதை மெர்ட்டன்ஸிடம் சொன்னேன், என் புத்தியைப் பாருங்கள். அவர் சந்தோஷப்பட்டுவிட்டார். "எங்கட பக்கத்து நகரங்களிலயும் அப்பிடித்தான்! நீல நகக்காரர் எண்டொரு சொல்லே இருந்தது. சாயத்தில கை வைக்கிறவனைப் பெரிய வியாபாரிகளின்ரை சங்கத்தில சேர்க்க மாட்டினம். தொழிலை விட்டு வருஷம் ஒண்டு கழிஞ்சு, நகம் வெளுத்தாப் பிறகுதான்."

"நல்ல நகரம்" என்றேன்.

"ஓம்" என்றார். கேலி அவருக்குப் படவேயில்லை.

துணிக்கு முன்னால் நின்ற எலெனி சொன்னாள்: "சிவா, உந்தாளின்ரை ஊர் அவ்வளவு திறமெண்டால், உந்தாள் ஏன் இஞ்ச வந்து என்ரை தலைக்கு மேல நிக்கிறார்?"

அந்தக் கேள்விக்கும் பதில் உண்டு. துறைமுகம் சேறு நிரம்பி மூடிப்போனது. கப்பல் வேறு ஊருக்குத் திரும்பியது. அந்தப் பணக்கார நகரம் நூற்றுக்கணக்கான வருடம் தூங்கியது. அதனால்தான் ஒருவரும் இடித்துக் கட்டவில்லை. காசில்லாததால் மிஞ்சிய அழகு அது. அதைத்தான் நீங்கள் டிக்கெட் போட்டுப் பார்த்துவிட்டு வந்தீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மெர்ட்டன்ஸ் பொறுப்பெடுப்பதற்கு முதல், துணி பார்க்கும் உருளை மாடியின் தெற்குச் சுவரோடு இருந்ததாம். அவர் வந்த கிழமையே அதைக் கழற்றி வடக்கு யன்னல்களுக்கு மாற்றினார். ஏனென்றால், எங்கட நகரத்தில துணியை வடக்கு வெளிச்சத்தில்தான் பார்ப்பினம். வடக்கு வெளிச்சம் அசையாது, கண்ணைக் குத்தாது, பொய் சொல்லாது. அறுநூறு வருஷத்து அறிவு.

பிள்ளைகளே, நீங்கள் இங்கேயே பிறந்தவர்கள், உங்களுக்குச் சிரிப்பு வரும். இந்த நாட்டில் வெயில் வடக்கால்தான் வரும். வீடு வாங்கப் போனால் தரகன் முதலில் சொல்வது அதைத்தான்: வடக்குப் பார்த்த வீடு, நல்ல வெயில். அவருடைய ஊரில் வடக்கு யன்னல் நிழல். இங்கே வடக்கு யன்னல் அடுப்பு. மனிதர் கப்பலில் வரும்போது தன் டையையும் சப்பாத்தையும் கட்டிக்கொண்டு வந்ததோடு, தன் ஊர் வடக்கையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

எங்கள் ஆட்களுக்கும் இதில் சிரிக்க உரிமை இல்லை. யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தை மெல்பேர்ணில் விரித்துவைத்து, அங்கே சூரியன் உதிக்கும் நேரத்துக்கு இங்கே இராகுகாலம் பார்த்துக் கார் வாங்கினவர்கள் எத்தனை பேர்.

எலெனி ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறாள். "மிஸ்டர் மெர்ட்டன்ஸ், வெயில் கண்ணுக்குள்ள அடிக்குது. துணி தெரியேல்லை. உடுப்புக் காயப்போடுற கொடி எந்தப் பக்கம் கட்டியிருக்கெண்டு உங்கட மனுசியைக் கேளுங்கோ."

அதற்கு அவர் யன்னலுக்கு வெள்ளைக் காகிதம் ஒட்டினார். காகிதம் மஞ்சளாகி, வெடித்து, கீலம் கீலமாகத் தொங்கியது. உருளை அசையவில்லை.

போர்வையும் சாம்பல் நிறத் துணியும் ஓடின காலத்தில் இதனால் பெரிய நட்டம் வரவில்லை. பிறகு பெரிய பள்ளிக்கூடங்களுக்குக் கோட்டுத் தைக்கும் கடை ஒன்று கடும் நீலத் துணி கேட்டது. இறக்குமதித் துணி வந்து மில்லுகள் ஒவ்வொன்றாகச் சாகிற நேரம். அந்த ஓடர் எங்களுக்குச் சேலைன் ஏற்றினதுபோல. வசந்தம் முழுக்க நெய்து, கோடை தொடங்கும்போது பார்த்து அனுப்பினோம். கடும் நீலத்தில் நேரே வெயில் அடித்தால் அது கறுப்பாகிவிடும். மேலே எண்ணெய் பூசினதுபோல மினுங்கும். அந்த மினுக்கத்துக்குள் மெல்லிய பட்டை இருந்தால் சாமி வந்து நின்றாலும் காண முடியாது. எலெனி கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். கண்ணீர் வழியும், சட்டைக் கையால் துடைப்பாள், "போ" என்பாள். நான் இழுப்பேன்.

துணியில் ஒரு பகுதி திரும்பி வந்தது. குறுக்கே பட்டை பட்டையாக நிறம் மாறியிருக்கிறது, ஒரு வெள்ளை நூல்கூடக் கட்டியில்லை என்று கடை எழுதியிருந்தது.

மனேஜர் ஹாரிஸ் மேலே வந்தார். வழக்கமாக மேலே வராத மனிதர். எங்கள் மூன்று பேரையும் உருளைக்குப் பக்கத்தில் நிறுத்திக் கேட்டார்: "உது எப்பிடிக் கண்ணில படாமல் போனது?"

நான் மெர்ட்டன்ஸைப் பார்த்தேன். எலெனியும் பார்த்தாள். அவர் துணியைப் பார்த்தார். வழக்கம்போலத் துணியிடம்தான் சொன்னார்.

"முறையில பிழை இல்லை, மிஸ்டர் ஹாரிஸ். இந்த முறை எங்கட நகரத்தில அறுநூறு வருஷம். பார்க்கிற கண்ணிலதான்..." கொஞ்சம் நிறுத்தினார். "எலெனிக்கு வயசு போட்டுது. கண் மங்கிப்போச்சு."

 எலெனி தையல் மேசைக்குப் போய் இருந்ததிலேயே மெல்லிய ஊசியையும் கறுப்பு நூலையும் எடுத்துவந்து, அவர் மூக்குக்கு நேரே பிடித்து, ஒரே தரத்தில் கோத்தாள்.

"மங்கினது என்ரை கண்ணோ?"

"கிட்டப் பார்வை வேற, தூரப் பார்வை வேற" என்றார் மெர்ட்டன்ஸ், துணியிடம்.

ஹாரிஸ் மணிக்கூட்டைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் நில், எலெனி. அதுக்குப் பிறகு பார்க்க வேண்டாம்." சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கண் போனவள் என்று ஒரு மில் அனுப்பிவிட்டால் இன்னொரு மில் எடுக்காது. அது ஹாரிஸுக்கும் தெரியும், மெர்ட்டன்ஸுக்கும் தெரியும். துணியை விரலால் தடவிப் பார்க்கும் அந்தச் சத்தியவான் அன்று பின்னேரம் வரை "எங்கட நகரத்தில" என்று தொடங்கவேயில்லை. நகரம் அன்று லீவு.

வெள்ளிக்கிழமை. காலைத் தேத்தண்ணி நேரத்துக்குச் சைரன் ஊதியது. எல்லாரும் சாப்பாட்டு அறைக்குத் திரும்பினார்கள். கடையிலிருந்து திரும்பி வந்த துணிச்சுருள் ஒன்றில் எலெனி கை வைத்தபடி நின்றாள்.

"சிவா, உந்தத் தலைப்பைத் தூக்கும்."

"எங்க?"

"தேத்தண்ணி குடிக்க. துணிக்கும் களைப்பு."

பிடித்துத் தூக்கினேன். சாப்பாட்டு அறை மாடியின் தெற்கு ஓரத்தில் இருந்தது. பெரிய யன்னல், ஒருவரும் பெறுமதி வைக்காத, ஆறிப்போன, சாம்பல் வெளிச்சம். மேசைமேல் ஏறி, துணியின் ஒரு தலைப்பைத் திரைச்சீலைக் கம்பியில் போட்டேன். அவள் மறுபக்கம் இழுத்து விரித்தாள்.  நீலத்துக்குக் குறுக்கே பட்டைகள். ஏணிப்படிபோல, மேலிருந்து கீழ்வரை. கண்ணாடி போட்டவன், போடாதவன், சாயப் பகுதியிலிருந்து தேத்தண்ணிக்கு வந்தவன், எல்லாருக்கும் தெரிந்தது. வாசலில் நின்ற லொறிக்காரன்கூட, "உதென்ன கோடு கோடாய்?" என்றான்.

எலெனி ஒருவரையும் பார்க்கவில்லை. பாண் துண்டைப் பிய்த்துத் தேத்தண்ணியில் தோய்த்தாள். "நான் குருடி. எனக்குத் தெரியேல்லை. நீங்கள் சொல்லுங்கோ" என்றாள்.

சிரிப்பு வெடித்தது. சத்தம் கேட்டு ஹாரிஸ் வந்தார். அவருக்குப் பின்னால் மெர்ட்டன்ஸ்.

மெர்ட்டன்ஸ் துணியைப் பார்த்தார். பிறகு யன்னலைப் பார்த்தார். பிறகு மாடியின் மறுகோடியில் வெயில் கொதிக்கும் தன் வடக்கைப் பார்த்தார். கழுத்து மட்டும் சிவந்தது.  திரும்பி நடந்து போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தோம். பெரிய கத்தரிக்கோலோடு திரும்பி வந்தார்.

"என்ன செய்யிறீர்?" என்றார் ஹாரிஸ்.

மெர்ட்டன்ஸ் துணியின் கரையைப் பிடித்து வெட்டத் தொடங்கினார். நேர்கோடு. ஒரு துண்டு விழுந்தது. தள்ளி நின்று மறுபடி வெட்டினார். மூன்று துண்டு. எல்லாரும் பார்க்க. ஹாரிஸ் விலையைச் சொல்லிக் கத்திக்கொண்டே நின்றார்.

இதைக் கேட்டு நீங்கள் உருகிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு தூரம் எழுதினேன். நானும் அந்தக் கணத்தில் ஏதோ பெரிய காட்சி என்றுதான் நின்றேன். வீட்டுக்கு வரும் ட்ராமில் யோசித்தேன். ஒரு மனிதன் வாயைத் திறந்து "பிழை என்னுடையது" என்று சொல்லப் பயந்து, அறுநூறு வருடத்துக்கு முந்தின நகரம் ஒன்றையும் சந்தையையும் சத்தியவான்களையும் கூட்டிக்கொண்டு வந்து தன் முன்னால் நிறுத்தியிருக்கிறான். அதற்கு நல்ல கம்பளித் துணி ஒன்று செலவு.

எலெனி உருகவில்லை. அவள் மெர்ட்டன்ஸை நேரே பார்த்துச் சொன்னாள்: "உது உம்மட ஊர்ச் சட்டம். எனக்கு உம்மட ஊர் வேண்டாம். என்ரை கண் நல்ல கண்ணெண்டு சொல்லும்."

மெர்ட்டன்ஸ் கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். "வெளிச்சம் பிழையாய் இருந்திருக்குது" என்றார்.

"வெளிச்சமோ? உருளையை அங்க கொண்டுபோய் வைச்சது ஆர்? சூரியனோ?"

மறுபடி சிரிப்பு. அவர் ஹாரிஸ் பக்கம் திரும்பி, இருமலுக்கு நடுவில் போட்டு, "அவளின்ரை கண்ணில பிழை இல்லை" என்றார். அவளிடம் சொல்லவில்லை. கடைசிவரை அவளிடம் சொல்லவில்லை.

போதும். எலெனி வேலையில் நின்றாள். திங்கட்கிழமை உருளை தெற்குச் சுவருக்குத் திரும்பியது. அதைக் கழற்றி மாட்டினவர்களில் நானும் ஒருவன். அவள் அதற்குப் பிறகு மில் மூடும்வரை அங்கேயே பார்த்தாள், ஒருநாளும் கண் துடைக்கவில்லை. இந்த இடத்தில் கதையை முடித்தால் நல்லாய்த்தான் இருக்கும்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, துண்டுகளை நான் அள்ளிக்கொண்டிருந்தபோது, இன்னொரு பேச்சும் நடந்தது. ஹாரிஸ் கேட்டார்: "அவை திருப்பி அனுப்பாத துணி, அதுவும் உதே தறியோ?"

"ஓம். அதே தறி, அதே கிழமை" என்றார் மெர்ட்டன்ஸ்.

"அவைக்குத் தெரியேல்லை. நாங்கள் சொல்லத் தேவையில்லை. என்ன?"

நான் அள்ளுவதை நிறுத்தி, ஈய முத்திரை நகரத்தின் மகனைப் பார்த்தேன். கத்தரிக்கோல் இன்னும் மேசையில் கிடந்தது. மூண்டு தரம் பார்ப்பினம், கடவுள் பேரில் சத்தியம் பண்ணுவினம், இத்தாலிக்காரனும் விரிச்சுப் பார்க்க மாட்டான். மெர்ட்டன்ஸ் டையைச் சரிசெய்துகொண்டு, தலையாட்டினார்.

ஆட்கள் பார்க்கும்போது வெட்டத் தெரிந்த கை. பார்க்காதபோது? அந்த நகரத்தின் முழுச் சரித்திரத்தையும் அந்தத் தலையாட்டலில் கண்டேன். அதனால்தான் உங்கள் படத்துக்கு என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை.

பள்ளிக்கூடம் தொடங்க முதல் வந்த சனிக்கிழமை, அம்மாவிடம் "சிற்றிக்குப் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு அந்தக் கோட்டுக் கடைக்குப் போனேன். உள்ளே தாய்மாரும் பிள்ளைகளும் நெருக்கம். என்னை ஒருவரும் கவனிக்கவில்லை. கடைவாசல் தெற்குப் பார்த்தது. நீலக் கோட்டுகள் ஒரு கம்பியில் வரிசையாக, முதுகை வாசலுக்குக் காட்டி மாட்டியிருந்தன. முதல் கோட்டின் கையைச் சரித்துப் பார்த்தேன். மார்பிலும் கையிலும் பட்டை ஓடியது. அடுத்ததிலும் ஓடியது. மடித்து வைத்திருந்த ஒன்றை விரித்தேன், அதிலும்தான். கம்பியில் இருந்த கோட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பட்டை தெரிகிற பக்கத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பி மாட்டினேன். கடைசிக் கோட்டின் கையை இழுத்து நேராக்கிவிட்டு வெளியே வந்தேன்.